சுவருக்கு முன்னால் ஒரு கோடு

டெட்லைன் என்ற சொல்லின் வரலாற்றை ஒரு கேள்விக்குப் பதிலாக நான் எடுத்து வைத்தது நியாயமா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை.

மொழிபெயர்ப்பை முடிக்க இரண்டு நாள் கூடுதலாகக் கேட்ட இளைய சக பணியாளருக்கு நான் மறுத்திருந்தேன். அவர் கண்விழித்து வேலை செய்து, நான் சொன்ன தேதியிலேயே முடித்துக் கொடுத்தார். பிறகு வேறு ஏதோ ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வாடிக்கையாளரின் பழைய மின்னஞ்சலைப் பார்த்தபோது, அதில் இருந்த தேதி நான் சொன்னதற்கு ஒரு வாரம் பிந்தியது என்பதைக் கண்டுகொண்டார். "அப்படியென்றால் நீங்கள் சொன்னது டெட்லைன் இல்லைதானே, மேடம்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன்.

"டெட்லைன் என்றாலே அதுதான்," என்று தொடங்கினேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் தென்மாநிலங்கள் நடத்திய போர்க்கைதிகள் முகாமில், மரச்சுவருக்கு ஏறத்தாழ 19 அடி உள்ளேயே ஒரு தாழ்வான வேலி இருந்தது. சுவரில் ஏறவோ அதன் அடியில் சுரங்கம் தோண்டவோ எவரும் நெருங்கக் கூடாது என்பதற்காக, வேலியைத் தாண்டியவரைக் காவலர்கள் சுடலாம் என்று விதித்திருந்தார்கள். அதற்குப் பெயர்தான் டெட்லைன். "சுவர் வேறு, கோடு வேறு, கோடு எப்போதும் சுவருக்கு முன்னால்தான் இருக்கும்," என்று முடித்தேன். மெய்ப்புப் பார்க்கவும், திருத்தவும், எதிர்பாராத தடங்கலைச் சமாளிக்கவும் அந்த ஒரு வாரம் வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவே உண்மை, அதுவே போதும். ஆனால் என் பதில் எனக்கே பிடித்துப்போயிற்று.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த முகாமின் அதிகாரி என்ன ஆனார்?" என்று கேட்டார். "போர் முடிந்ததும் விசாரித்துத் தூக்கிலிட்டார்கள்," என்றேன். இருவரும் சிரித்தோம், பேச்சு அத்தோடு நின்றது.

அவர் என்னைக் குத்திக்காட்டினாரா, வெறும் ஆர்வத்தில் கேட்டாரா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஹென்றி விர்ஸ் என்ற அந்த அதிகாரி 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றப்பத்திரிகையில் அந்தக் கோட்டைப் பற்றிய பகுதியைப் படித்தபோது ஒரு விவரம் உறுத்தியது: பல இடங்களில் அந்தக் கோடு வெறும் கற்பனைக் கோடாகவே இருந்தது, மற்ற இடங்களில் ஆட்டம் கண்ட குச்சிகளில் அடித்த பலகைத் துண்டுகளாக இருந்தது. கைதிக்குக் கோடு எங்கே என்று தெரியாது, காவலருக்குத்தான் தெரியும். அந்த முகாமில் இறந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றவை நோயும் பசியுமே என்பதும் உண்மை. ஆனாலும் இதை எனக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மேலும், சிறைக்கோட்டிலிருந்து அலுவலகக் கெடுவுக்கு இந்தச் சொல் நேராக வந்து சேர்ந்தது என்பது உறுதியாக நிறுவப்பட்டதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுத்தொழிலிலும் ஒரு டெட்லைன் இருந்தது. அச்சு எந்திரத்தின் படுகையில் குறித்த அந்தக் கோட்டுக்கு வெளியே அடுக்கிய எழுத்து தாளில் பதியாது. அதன் பிறகே செய்தித்தாள் அலுவலகங்களில் காலக்கெடு என்ற பொருள் நிலைத்தது. அச்சகக் கோட்டை யாரும் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. எந்திரத்தின் அளவு அது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வாடிக்கையாளரின் தேதி அந்த வகை. நான் சொன்ன தேதி முகாமின் வகை. இந்த வேறுபாடு அன்றே தோன்றியிருந்தாலும் நான் அதே தேதியைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த பணியில் இரண்டு தேதிகளையும் எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். முதல் தேதியை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது தேதிக்கு முந்தைய மாலையில் எல்லாம் வந்து குவிந்தது, மெய்ப்பை நான் அவசரமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அவர் மட்டும் முதல் தேதியிலேயே அனுப்பியிருந்தார். அது என் பக்க நியாயத்தை அவர் ஏற்றுக்கொண்டதாலா, அல்லது நான் சொல்லும் எந்தத் தேதிக்குப் பின்னாலும் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்ற எச்சரிக்கையாலா என்று நான் கேட்கவில்லை.