கரகரப்பு இருக்கட்டும்

பஸ்ஸில் ஹெட்போனை மாட்டி, தி ஹூ என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் மேடைக் கச்சேரிப் பதிவான 'லைவ் அட் லீட்ஸ்' போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சத்தம் அப்படி.

ஒரு காதில் பீட் டவுன்ஷெண்டின் கிதார், மறு காதில் ஜான் என்ட்விசிலின் பேஸ் கிதார், நடுவில் கீத் மூன் டிரம்ஸைப் போட்டு வெளுக்கிறார், இதற்கெல்லாம் மேலே ரோஜர் டால்ட்ரியின் தொண்டை. அன்றைய தி ஹூ என்றால் இந்த நாலே பேர்தான். ரிதம் கிதாருக்குத் தனி ஆள் கிடையாது, டவுன்ஷெண்ட் சோலோவுக்குப் போனால் அடியில் அந்த பேஸ்தான் கூரையைத் தாங்குகிறது.

1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடம். ஆமாம், மாணவர்கள் சாப்பிடுகிற மெஸ்தான்! மறுநாள் ஹல் நகரிலும் பதிவு செய்தார்கள், அங்கே முதல் சில பாட்டுகளில் பேஸ் பதிவாகவே இல்லை. சரி, லீட்ஸே போதும் என்று முடிவானது.

மூணு நிமிஷப் பாட்டு 'மை ஜெனரேஷன்', இதில் 14 நிமிஷத்தையும் தாண்டுகிறது.

உறையைப் பாருங்கள். வெறும் பழுப்பு அட்டை, மேலே ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி பெயர், அசல் திருட்டுப் பதிவு கெட்டது. உள்ளே இசைத்தட்டின் லேபிளில் கையால் எழுதிய குறிப்பு: கரகர சத்தம் இருக்கலாம், திருத்த வேண்டாம்.

இப்போதெல்லாம் லைவ் என்று வருவதில் பாதி, ஸ்டுடியோவில் உட்கார்ந்து சுருதியைச் சரிபண்ணினதுதான்.

1995-இல் இதற்கும் கணினியில் கரகரப்பைத் துடைத்து, கூடுதல் பாட்டுகளோடு சிடி போட்டார்கள். பாட்டுகளுக்கு நன்றி. துடைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.