வெருட்டி வோட்டுக் கேக்கிற விளம்பரங்கள்

வவுனியாவில இருந்து ஓமந்தை, நெடுங்கேணி, மாங்குளம் எண்டு போய் டிஷ் அன்டனா பூட்டுறதும் திருத்துறதும்தான் என்ர வேலை. சிக்னல் வந்தாப் பிறகு சனல் எல்லாம் ஒழுங்கா இழுக்குதோ எண்டு வீட்டுக்காரரோட கொஞ்ச நேரம் ரீவிக்கு முன்னால நிக்கவேணும், அதால தேர்தல் காலத்தில விளம்பரத்தையும் பாப்பன், அதைப் பாக்கிற சனத்தின்ர முகத்தையும் பாப்பன்.

2024 சனாதிபதித் தேர்தலுக்கு வந்த விளம்பரங்கள்ல கனக்க ஒரே தொனிதான். இருட்டுப் படம், நெஞ்சை இடிக்கிற மியூசிக், அடித்தொண்டையில ஒரு குரல். காஸ் சிலிண்டர் சின்னத்தில நிண்ட ரணில் விக்கிரமசிங்கவின்ர பக்கம், 2022இல காஸுக்கும் எரிபொருளுக்கும் சனம் வரிசையில நிண்ட காலத்தைத்தான் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தினது. கொழும்பில அது எடுபட்டிருக்கலாம். நெடுங்கேணிப் பக்கம் ஒரு அம்மா, "நாங்கள் எப்பவும் விறகிலதானே தம்பி சமைக்கிறம், இதைச் சொல்லி ஏன் வெருட்டினம்" எண்டு கேட்டா. தொண்ணூறுகள்ல பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெய், சவுக்காரம், பற்றரி கூட இல்லாமல் சீவிச்சு, 2009 போரையும் தாண்டி வந்த சனம் இது. அவைக்குப் பயம் காட்டி வோட்டுக் கேக்கிறதைப் பாக்க எனக்கு உண்மையிலயே கோவம் வரும். அதோட சில விளம்பரம் தெற்கில எடுத்த படம், தமிழ்க் குரலைப் பிறகு ஒட்டினது, வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்.

அப்பிடியான விளம்பரம் வந்தா றிமோட்டுக்குக் கை போகும். ஒரு கமக்காரன் வயலில நிண்டு நெல்லு விலையைப் பற்றி அமைதியாக் கதைக்கிற மாதிரி வந்தா சத்தத்தைக் கூட்டுவினம், அது நான் கனக்க வீட்டில பாத்தது.

ஆனா நல்ல விளம்பரமும் கனநாள் நிக்காது. அமெரிக்காவில டெக்சாஸ் ஆளுநர் தேர்தலுக்கு முதல், 2006இல, அப்ப ஆளுநரா இருந்த ரிக் பெரியின்ர ரீவி விளம்பரத்தை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைச்சுப் போட்டு ஆய்வு செய்தவை, ஆதரவு சட்டெண்டு ஏறி ஒரு கிழமைக்குள்ளயே அநேகமா இறங்கிப்போட்டுது. இஞ்சையோ வாக்களிப்புக்கு முதல் 48 மணித்தியாலம் பிரச்சாரமே செய்யேலாது.

எங்கட வன்னித் தேர்தல் மாவட்டத்தையே பாருங்கோ. செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தல்ல இஞ்ச சஜித் பிரேமதாசதான் முதலாவது, அனுர குமார திசாநாயக்க நாலாவது. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல்ல அதே அனுரவின்ர தேசிய மக்கள் சக்தி முதலாவதா வந்து 6 ஆசனத்தில 2 எடுத்தது. ரெண்டு மாசத்துக்குள்ள சனம் அப்பிடி மாறினதுக்கு ரீவி விளம்பரம் காரணமெண்டு நான் நம்பேல்ல, இடையில அனுர சனாதிபதியாகி ஆட்சியே மாறினதைச் சனம் கண்ணால பாத்தது.

2013க்குப் பிறகு நடக்காத வடமாகாணசபைத் தேர்தல் எப்ப வந்தாலும், விளம்பரம் எடுக்கிற ஆக்கள் முதல்ல என்னோட மோட்டச்சைக்கிள்ல வந்து இந்த வீடுகள்ல இருந்து பாக்கட்டும். யானை வேலி எப்ப வரும், காணியை எப்ப விடுவியள் எண்டு சனம் ரீவியைப் பாத்துக் கேக்கிறதைக் கேட்டுப்போட்டு, அதுக்கு மறுமொழி இருந்தா அதைப் படமா எடுக்கட்டும்.