சதுரக் கணக்கு சின்ன வேலைக்கு ஆகாது

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீடு 30க்கு 40 அடி சைட். ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா ஓவர்டைம் காசில் கட்டியது. கையில் இருந்த பணத்துக்கு ஏற்ப வீட்டைச் சின்னதாகக் கட்டி, முன்னால் 14 அடியைக் காலியாக விட்டுவிட்டார். கிழக்குப் பார்த்த வாசல். ஐப்பசி மழை சாய்ந்தடித்தால் செருப்பு, ஸ்கூட்டர், அம்மாவின் நாற்காலி எல்லாம் நனையும். அதனால் 15 அடிக்கு 8 அடியில் ஒரு போர்டிகோ. அதற்கு மேல் நீட்ட முடியாது. மீதி இடம் பிளான்படி காலியாகவே கிடக்க வேண்டும்.

மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டு, "சதுரத்துக்கு ரெண்டு இருபது ஆகும்க்கா" என்றார், அதாவது நூறு சதுர அடிக்கு 2,20,000 ரூபாய். 120 சதுர அடி என்றால் 1.2 சதுரம், பெருக்கினால் 2,64,000. அம்மாவுக்கு உடனே திருப்தி. எனக்குத்தான் உறுத்தியது. சதுரக் கணக்கு என்பது முழு வீடு கட்டுகிறவர்களுக்கு. கான்கிரீட் மிக்ஸர் ஒரு சதுரத்துக்கு வந்தாலும் ஐந்து சதுரத்துக்கு வந்தாலும் ஒரு நாள் வாடகைதான். எம் சாண்ட், அதாவது கல்லை உடைத்த மணல், லோடாகத்தான் வரும், நமக்காகக் கால் லோடு அனுப்ப மாட்டார்கள். இடித்த குப்பையை அள்ளிப்போகும் டிராக்டரும் அப்படியே.

அதனால் அவரை உட்காரவைத்து, இந்த ரேட்டில் என்னவெல்லாம் சேராது என்று மட்டும் கேட்டேன். மனுஷன் ஒளிக்காமல் சொன்னார். பழைய தரை ஓடு பெயர்ப்பது சேராது. லைட் பாயின்ட் சேராது. புதுப் பூச்சும் பழைய சுவரும் ஒட்டாமல் தெரியும் என்பதால் முகப்பு முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும், அதுவும் சேராது. தண்ணீர் நம்முடையது. கோடையில் டேங்கர் என்ன விலைக்கு வரும் என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சம்ப், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு அது வாசலில்தான் இருக்கும். எங்களுடையதும் அந்த 8 அடிக்குள்தான். மேஸ்திரி சுண்ணாம்பில் குறித்த முன் தூண்களில் ஒன்று நேராகச் சம்ப் சுவர் மேல் உட்கார்ந்தது. தூணைத் தள்ளினால் பீம் நீளும், பீம் நீண்டால் கம்பி கூடும். மூடிக்கு மேலே ஆள் இறங்கிக் கழுவவும், டேங்கர் குழாய் நுழையவும் இடம் வேண்டும். இதையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் கான்கிரீட் போர்டிகோ நான்கு லட்சத்தைத் தொட்டது.

அப்போதுதான் எடையைப் பற்றி யோசித்தேன். 120 சதுர அடிக்கு 5 அங்குல ஸ்லாப் போட்டால் அது மட்டுமே மூன்றரை டன். அதே இடத்துக்கு மங்களூர் ஓடு அரை டன் அளவில் நின்றுவிடும், இரும்புச் சட்டம் தனி. மேலும், பழைய வீடு எப்போதோ மண்ணில் அமர்ந்து முடிந்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் அமரும். இரண்டையும் கான்கிரீட்டில் இறுக்கிக் கட்டினால் சேருமிடத்தில் விரிசல் விழத்தான் செய்யும்.

அம்மாவுக்கு ஓடு பிடிக்கவில்லை. ஸ்லாப் என்றால் மேலே வடாம் காயவைக்கலாமாம். மாடி முழுக்கக் காலியாகக் கிடக்கிறதே என்றால் பதில் இல்லை. தம்பி மும்பையிலிருந்து போனில், "சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆயிடுச்சே, ஸ்லாப்பே போடு" என்றான். 2025 செப்டம்பரில் குறைத்தது உண்மைதான். ஆனால் மூட்டைக்கு முப்பது ரூபாய் மிச்சம் என்றாலும், 25 மூட்டைக்கு ஆயிரம்கூடத் தேறாது. அவனும் பொறியாளர்தான், மென்பொருளில்.

கடைசியில் இரும்புச் சட்டமும் ஓடும் என்று முடிவு செய்தோம். வெல்டர், ஓடு, தரை, பெயின்ட், வயரிங் எல்லாம் சேர்த்து 2,30,000. அதற்கு மேல் 25,000 தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லவில்லை. ஓட்டு விளிம்பில் தகரத்தில் மழைநீர்க் கால்வாய் கட்டி, ஃபில்டர் வழியாகச் சம்ப்புக்கே குழாய் இறக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு அந்தக் கூரையில் 110 லிட்டர் விழும். வருடக் கணக்கில் பார்த்தால் பத்தாயிரம் லிட்டர், ஏறக்குறைய இரண்டு டேங்கர்.

தரைக்குச் சாதரஹள்ளிக் கல், சொரசொரப்பாக. வழவழ டைல்ஸ் கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மழைக்காலத்தில் அம்மா அதில் நடப்பதை நினைத்துப் பார்த்ததும் கடையை விட்டு வந்துவிட்டேன்.

பணம் மூன்று தவணை: அட்வான்ஸ், சட்டம் நின்றதும், ஓடு வேய்ந்ததும். பத்து சதவீதம் மட்டும் முதல் பெருமழைக்குப் பிறகு. வெல்டர் முகம் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். மார்கழியில் வேலை தொட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் தையில் ஆரம்பம்.