கரைக்கோடு

பிப்ரவரி 8

கடற்கரையில் எங்கள் கல்யாணத்தை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

பிப்ரவரி 10

அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். எத்தனை பேர், மேடை உண்டா, ஒலிபெருக்கி உண்டா என்று கேட்டார் எழுத்தர். 24 பேர், மேடை இல்லை, கையடக்க ஒலிபெருக்கி ஒன்று என்றேன். அப்படியானால் நீங்கள் ஒரு கூட்டமே இல்லையே என்று சிரித்தார். ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதித் தாள் தருவார்களாம். கயிறு கட்டி இடத்தை மறிக்கக் கூடாது, கண்ணாடிப் பாட்டில் கூடாது, கொண்டு வந்ததையெல்லாம் திருப்பி எடுத்துப் போக வேண்டும். யாராவது எங்கள் நடுவே குறுக்கே நடந்து போனால்? "போவார்கள்" என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 13

நேற்று பௌர்ணமி. இன்று மாலை ஆறு மணிக்கு நாங்கள் பார்த்து வைத்திருந்த இடத்துக்குப் போனோம். இடம் இல்லை. நாற்காலிகள் போடலாம் என்று நான் கட்டிக்கொள்ளப் போகிறவன் காலால் கோடு கிழித்துக் காட்டிய இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வந்து போகிறது. அதற்கும் மேலே, காய்ந்த பாசியும் குச்சிகளும் வளைந்து வளைந்து ஒரு கோடாகக் கிடக்கின்றன. கடல் எதுவரை வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கோட்டுக்கும் சாலைக்கும் நடுவில் எஞ்சியிருப்பது கால் புதையும் பொடி மணல். அதில் அப்பாவின் நாற்காலிச் சக்கரம் நகராது.

ஏப்ரல் 13-உம் பௌர்ணமி. அதற்காகவேதான் கல்யாணத்துக்கு எல்லோரும் அந்த நாளைக் கேட்டார்கள்.

பிப்ரவரி 14

அப்பா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16

கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை வைத்துக்கொண்டு இரவு ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தோம். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் பௌர்ணமியிலும் அமாவாசையிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாளிலும், கடல் மிக மேலே ஏறும், மிகக் கீழே இறங்கும். அது பள்ளியில் படித்ததுதான். ஒரே கரையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கடல் ஏறி நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே என்பது எனக்குப் புதிது. இந்தப் பௌர்ணமிக்கு மாலை ஆறு என்றால் ஏப்ரலிலும் மாலை ஆறுதான். கெஞ்சினாலும் மாறாது.

ஆனால் ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம், ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு ஆகும் அதே அளவு. அதாவது பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பு, அரை நிலா நாளில், அதே மாலை ஆறு மணிக்குக் கடல் இறங்கியிருக்கும். ஏப்ரல் 5, சனிக்கிழமை. எப்படியும் முந்துவதுதான் நல்லது என்று அவன் சொன்னான். ஏன் நல்லது என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 17

சித்திக்குக் கோபம். நிலா இல்லாமல் கடற்கரையில் என்ன கல்யாணம் என்கிறாள். அரை நிலா மாலையிலேயே உச்சியில் நிற்கும் சித்தி, நீ அண்ணாந்து பார்த்தால் போதும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 23

காற்று. பகலெல்லாம் நிலம் சூடேறுவதால் பிற்பகலில் கடலிலிருந்து வீசுவது பலமாக இருக்கிறது, பொழுது சாயச் சாயத் தணிகிறது. நான்கு மணிக்கு உறுதிமொழித் தாளைக் கையில் பிடித்துப் பார்த்தேன், நான்காக மடங்கி முகத்தில் அறைந்தது. காற்றின் வேகத்துக்கு பியூஃபோர்ட் அளவை என்று ஒன்று உண்டு. அதில் நான்காம் எண்ணுக்கு அடையாளமே தாள்கள் பறப்பதுதானாம், மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். ஆறு மணிக்கு அதே தாள் சும்மா படபடத்ததோடு சரி.

நாங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் காற்றே குரலைக் கரைப் பக்கம் கொண்டு சேர்த்துவிடும். தலைமுடியும் முன்னால் வந்து வாயில் விழும். விழட்டும். அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலப்பக்கம் எங்களைப் பார்த்தபடி அமர்த்த வேண்டும்.

மார்ச் 2

அழைப்பிதழ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. 24 பேருக்குப் போனிலேயே சொல்லிவிடலாம்.

மார்ச் 6

அரை நிலா. ஒத்திகை மாதிரி ஆறு மணிக்குப் போய் நின்றோம். கடல் வெகுதூரம் விலகவில்லை, இந்த நாட்களில் ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு. ஆனால் போதும். தண்ணீர் விட்டுப் போன மணல் இறுகிக் கிடக்கிறது. குதிகாலால் ஓங்கி உதைத்தேன், ஒரு விரல் ஆழம்தான் பதிந்தது. உதைத்த இடத்தைச் சுற்றி மணல் ஒரு நொடி வெளுத்து மறுபடி கறுத்தது. இதில் சக்கர நாற்காலி தெருவில் போவதுபோலப் போகும்.

சாலையிலிருந்து இதுவரை வருவதுதான். நடுவில் அந்தப் பொடி மணல்.

ஒரு சிறுவன் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினான். கல்யாணத்தன்றும் யாராவது இப்படி ஓடுவார்கள். படத்தில் விழுவார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, சித்திக்கு இருக்கும்.

மார்ச் 9

அப்பா இன்று நிறையப் பேசினார். அனுமதித் தாள் இன்னும் வரவில்லை என்றதும் அவருக்குள் இருந்த வக்கீல் எழுந்துவிட்டார். 533-ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்ட நூலிலேயே இருக்கிறதாம்: காற்று, ஓடும் நீர், கடல், அதனால் கடற்கரை, இவை எல்லோருக்கும் பொது. கரை எதுவரை என்பதற்கும் அதிலேயே விடை உண்டு. குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை எட்டும் இடம்வரை. நான் அந்தப் பாசிக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, அதற்கும் மேலே இன்னொரு கோடு இருக்கும், தேடிப் பார் என்றார்.

தேடினேன். இருக்கிறது. சாலையோரச் செடிகளுக்குப் பக்கத்தில், மணலில் பாதி புதைந்த ஒரு மரக்கட்டையும் அதைச் சுற்றி வெளுத்துப்போன சிப்பிகளும்.

மார்ச் 15

பலகை போட்டுத்தான் ஆக வேண்டும். பிளைவுட் 8 அடிக்கு 4 அடி வருகிறது. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 2 அடி அகலம். நாற்காலியின் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தால் 26 அங்குலம். அந்த இரண்டு அங்குலத்துக்காக முழுப் பலகையாகவே தூக்க வேண்டும். மூன்று வாங்கி, கடந்து வந்ததை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு நகர்த்தலாம் என்கிறான் அண்ணன்.

இன்னொன்றும் சொன்னான். முன்சக்கரங்கள் சின்னவை, பலகை இடுக்கில் சிக்கும், மணலில் குத்தி நிற்கும். திருப்பி வைத்துப் பின்னோக்கி இழுத்தால் பெரிய சக்கரம் முதலில் ஏறிவிடும், சுலபம். உண்மைதான். ஆனால் அப்பா வழி முழுக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டே வருவார். நின்றிருக்கும் பஸ்ஸையும் குப்பைத்தொட்டியையும் பார்த்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இதற்கா இவ்வளவும்?

மார்ச் 16

பின்னோக்கிக் கூடாது.

மார்ச் 22

மறுபடி மருத்துவமனை. வார்டில் ஜன்னல் இல்லை.

மார்ச் 24

எதற்கு இந்தக் கடற்கரை? கூரையும் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடத்தில் வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது. இதை அப்பாவிடமே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, அன்றைக்கு ஓதம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மார்ச் 29

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே அழைத்துப் போகலாமா என்றதற்கு இரண்டு மணி நேரம், வெயிலில் கூடாது என்றார் மருத்துவர். அப்பா கடலைப் பார்த்து உட்கார்ந்தால் இறங்கும் சூரியன் நேரே கண்ணில் விழும். ஆகவே சூரியன் மறைந்த பிறகுதான் ஆரம்பம். மறைந்தாலும் குறைந்தது இருபது நிமிடம் முகம் தெரியும் வெளிச்சம் இருக்கும். அதற்குள் முடிகிற கல்யாணம்தான் இது.

ஏப்ரல் 1

அனுமதித் தாள் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3

பலகையைச் சோதித்தோம். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து நானும் அவனும் முன்னோக்கித் தள்ளினோம். இடுக்கில் முன்சக்கரம் சிக்கத்தான் செய்தது. அடுத்த பலகையின் நுனியை இதன் அடியில் செருகிவிட்டால் படி இறங்குவதுபோல ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். கடைசிப் பலகை இறுகிய மணலைத் தொட்டதும் நாற்காலி தானாகவே நாலடி ஓடியது, அண்ணன் கத்தினான். நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் பலகை தூக்க வந்து சேர்ந்துகொண்டார்கள். சனிக்கிழமையும் வருகிறோம் என்றார்கள். 26 பேர்.

அண்ணன் இப்போது அப்பாவைவிட இருபது கிலோ கூடுதல். முன்பெல்லாம் அப்பாதான் கனம்.

ஏப்ரல் 4

காய்ச்சல் இல்லை. வண்டி ஐந்து மணிக்கு. நாற்காலியின் பிரேக் வலப்பக்கம் இளகியிருக்கிறது, சரியான ஸ்பேனர் வீட்டில் இல்லை, அவனிடம் கேட்க வேண்டும்.