காட்டாத வெட்டு

ஆணவக் கொலையைப் பற்றிய தன் டிப்ளமோ படத்தின் அனிமேட்டிக்கை (முழு அனிமேஷனுக்கு முன், கோட்டோவியங்களை ஒலியோடு வரிசையாக ஓடவிடும் முன்வடிவத்தை) என் மாணவி ஒருவர் போட்டுக் காட்டியதும், அரிவாள் இறங்கும் காட்சியை எடுத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். "பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்களே, சார். படம் பார்ப்பவர்களுக்கு மட்டும் எதற்குச் சலுகை?" என்று கேட்டார். அதற்கு நான் அளித்த பதில், மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் சரியாகவே படுகிறது. கேள்விதான் தீராமல் நிற்கிறது.

கேமரா தன் முன்னால் நடப்பதைப் பதிவு செய்கிறது. அனிமேஷனிலோ வரையாதது எதுவும் திரைக்கு வராது. நொடிக்கு 24 ஃபிரேம், ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 ஓவியங்கள். இரண்டு நொடி வெட்டுக்காக ஒருவர் அதே கையையும் அதே கழுத்தையும் 24 முறை வரைய வேண்டும், ரத்தம் தெறிக்கும் வளைவு சரியாக அமையும்வரை திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தைத்தான் நான் அஞ்சினேன். செத்தவனின் உடல் வரைபவரின் கைத்திறனைக் காட்டும் இடமாகிவிடும். 2020இல் வந்த 'இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ' படத்தைச் சான்றாகச் சொன்னேன். பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோரின் கதை அது. சூடு காதில் மட்டுமே விழுகிறது, நெஞ்சு நடுங்குகிறது.

அவர் 'நெய்பர்ஸ்' படத்தை எடுத்து வைத்தார். கொரியப் போரின் காலத்தில், 1952இல், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் எடுத்த அந்தக் குறும்படத்தில், ஒரு பூவுக்காகச் சண்டையிடும் அண்டை வீட்டார் இருவரும் ஒருவர் மற்றவரின் மனைவியையும் குழந்தையையும் கொல்லும் பகுதி ஒரு கட்டத்தில் நீக்கப்பட்டு, வியட்நாம் போர்க் காலத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதன் மூல நெகட்டிவ் அதற்குள் அழிக்கப்பட்டிருந்ததால் எஞ்சிய பிரதியிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. "போர் வந்த பிறகு காட்டலாம் என்றால், இங்கே இன்னும் எது வர வேண்டும், சார்?" என்றார். அது உயிருள்ள நடிகர்களை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்த படம், வரைந்தது அல்ல என்றேன். தகவல் சரிதான், அவர் கேட்டது அதுவல்ல.

2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த கொலையின் சிசிடிவி காட்சி எத்தனையோ பேர் கைபேசியில் ஓடியது. பார்த்ததனால் நாம் திருந்திவிடவில்லை என்பது என் கட்சிக்கு வலு. ஆனால் அந்தக் காட்சி இல்லாதிருந்தால் அந்தக் கொலை அத்தனை பேரின் நெஞ்சில் தைத்திருக்குமா என்றும் தோன்றுகிறது.

கடைசியில் அவர் நான் சொன்னபடியே படத்தை முடித்தார். திரையிடலுக்குப் பிறகு ஒருவர் அவரிடம் வந்து, கொலையை எவ்வளவு அழகாகக் கையாண்டிருக்கிறீர்கள் என்று மனமாரப் பாராட்டினார். அழகாகிவிடக் கூடாது என்றுதானே அந்த ஓவியங்களை எடுக்கச் சொன்னேன்! காட்டியிருந்தால் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று யாருக்குத் தெரியும். பாதியில் எழுந்து போயிருக்கவும் கூடும், அதையும் வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்தக் காட்சியைச் சேர்த்து இன்னொரு பதிப்பை அவர் தயாரித்துவருகிறார். என் அனுமதியை அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அரிவாள் இறங்கும் ஓவியத்தை எத்தனை ஃபிரேம் நிறுத்தலாம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். குறைவாக என்றே எழுதப் போகிறேன். அப்படிச் சொல்ல வைப்பது தொழிலறிவா, பழைய அச்சமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.