வரி இல்லை, ஆனாலும் ரிட்டர்ன் உண்டு

அப்பாவுக்கு 76 வயது. மாதம் 40,000 ரூபாய் ஓய்வூதியம் ஒரு வங்கிக்கு வருகிறது. சேமிப்பெல்லாம் மயிலாப்பூரில் வேறொரு வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. ஜூலையில் அந்தக் கிளையில், அப்பா வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டுமா என்று கேட்டோம். பாஸ்புக் அச்சடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "75 தாண்டிவிட்டதல்லவா? வேண்டாம்" என்றார். நம்பிவிட்டோம்.

அக்டோபரில் பாஸ்புக்கைப் புரட்டிய அப்பா, வட்டியில் 11,000 ரூபாய் டிடிஎஸ் (வட்டி தரும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடித்திருப்பதைக் கண்டு பென்சிலால் கோடு போட்டு வைத்தார். கொட்டும் மழையில் மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோ பிடித்தோம். அதே கவுன்டர், அதே மனிதர். "பிடித்ததை நாங்கள் திருப்பித் தர முடியாது சார், ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். 2024-25 நிதியாண்டுக்கு ரிட்டர்ன் போடக் கடைசித் தேதி 2025 செப்டம்பர் 16 அன்றே முடிந்திருந்தது.

75 வயதுச் சலுகை உண்மைதான். ஆனால் ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வர வேண்டும். வேறு வருமானம் கூடாது. 12பிபிஏ என்ற உறுதிமொழிப் படிவமும் அந்த வங்கியில் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவுக்கோ வங்கி இரண்டு. 2024-25க்குப் புதிய வரிமுறையில் வரியில்லா வருமான வரம்பு 3 லட்சம். அவருடைய வருமானம் 5.9 லட்சம். அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம்தான். அந்தத் தள்ளுபடி வரியைத்தான் நீக்கும், ரிட்டர்ன் போடும் கடமையை நீக்காது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வருமானமே வரம்புக்குள் இருந்தாலும், மகளைப் பார்க்க வெளிநாடு போய்வர 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்களும், ஆண்டு மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியவர்களும் போட்டாக வேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறையும் கூட்டிப் பாருங்கள்.

இணையத்தில் தாக்கல் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வலித்தது தாமதக் கட்டணம். நிலைக்கழிவு (ஓய்வூதியத்தில் எல்லோருக்கும் கழித்துக்கொள்ளும் தொகை) 75,000 போக நின்றது 5.15 லட்சம். 5 லட்சத்துக்குள் இருந்திருந்தால் 1,000 ரூபாயோடு போயிருக்கும். அந்த 15,000 மிகுதியால் 5,000 கட்ட நேர்ந்தது. 11,000இல் அது கழிந்து 6,000 வந்தது.

2025-26க்கான 15எச் படிவத்தையும் (வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குத் தருவது) கையோடு கொடுத்துவிட்டோம். நகலில் முத்திரை விழும்வரை அப்பா கவுன்டரை விட்டு அசையவில்லை. "தேதியையும் போடுங்கள் தம்பி" என்று பென்சிலை நீட்டினார். கவுன்டர்காரர் பேனாவால் எழுதித் தந்தார்.