சீட்டை அமுக்காதீங்க அண்ணாச்சி, உக்காருங்க

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பைக் சீட் கடைகளில் எல்லா நாளும் ஒரே கூத்துதான். வருகிறவர் மாட்டி வைத்திருக்கும் சீட்டை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்குவார். கூட வந்த மச்சானும் அமுக்குவார். விரல் எதில் ஆழமாகப் புதைகிறதோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுதான் மெத்துனு இருக்கு, என்ன மச்சான்?" என்பார். கேரளத்து ஆரியங்காவிலிருந்து வந்தவராக இருந்தால் "கொள்ளாம்" என்று தலையாட்டுவார். கடைக்காரர் ஏன் மறுக்கப்போகிறார்? மெத்தென்று இருக்கும் சீட் சீக்கிரம் விற்கும். சீக்கிரம் அமுங்கி, திரும்ப வேலைக்கும் வரும்.

விரல் கொடுக்கிற அழுத்தம் ஒன்றிரண்டு கிலோ. மேலே உட்காரப்போவதோ 75 கிலோ ஆள். அந்தப் பாரத்தில் பெரும்பகுதி பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மெத்தென்ற ஃபோம் அதைத் தாங்காமல் முழுக்க நசுங்கிவிடும். எலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவே மிஞ்சுவது ரெக்சினும் நம்பிக்கையும்தான். செங்கோட்டையில் இருந்து புனலூருக்குக் கிளம்பினால் புளியரை வரை சோபா மாதிரி இருக்கும். எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல் தாண்டும்போது ஓட்டுகிறவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். ஆரியங்காவில் மறுபக்கம். தென்மலை வந்ததும் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று இயற்கையை ரசிப்பார். புனலூருக்குள் மூன்று தடவை டீக்கு நிறுத்துகிறவருக்கு டீ மேல் ஆசை என்று பின்னால் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கொஞ்சம் கெட்டியான சீட் இதற்கு நேர்மாறு. முதல் பத்து நிமிஷம் "என்னவே, கல்லு மாதிரி இருக்கு" என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து அப்படி ஒன்று அடியில் இருப்பதே மறந்துவிடும். அதனால் கடையில் பார்ப்பதானால் சொந்த வண்டியில் சீட்டை மாட்டி, கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, கை ஹேண்டிலில் இருக்க, அசையாமல் 20 நிமிஷமாவது உட்கார வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்த வசனம், "இது 40 டென்சிட்டி சார், கெட்டியா இருக்கும்." டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. கூடுதலாக இருந்தால் அதிக நாள் உழைக்கும், சீக்கிரம் அமுங்காது. 40 டென்சிட்டியிலேயே மெத்தென்ற ரகமும் உண்டு, கெட்டி ரகமும் உண்டு. சொன்ன எண் உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 5 சென்டிமீட்டர் கனமுள்ள ஷீட்டில் 20க்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டினால் சரியாக ஒரு லிட்டர் கொள்ளளவு வரும். 40 டென்சிட்டி என்றால் அது 40 கிராம் இருக்க வேண்டும். பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 28 கிராம் காட்டலாம். அப்போது கடைக்காரர் தராசைக் குறை சொல்வார்.

பலருக்கும் ஒத்துப்போவது இரண்டடுக்கு. அடியில் ரீபாண்டட் ஃபோம், அதாவது துண்டுப் பஞ்சை நசுக்கி ஒட்டிய கெட்டி ரகம். மேலே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் மெத்தென்ற ஃபோம். ஒட்டுப்பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் இழுபடாமல் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும் வரை காயவிட்டு ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பசை ஃபோமுக்குள் இறங்கி உறைந்து, நடு சீட்டில் ஒரு வடு மாதிரிக் கட்டியாகும். அந்தக் கட்டி எலும்புக்கு நேர்கீழேதான் வந்து நிற்கும். அது அதன் ராசி.

ஜெல் பேட், மெமரி ஃபோம், காற்றுத் தலையணை மூன்றுக்கும் ஆளாளுக்கு ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. ஜெல்லை நேராக ரெக்சினுக்கு அடியில் வைத்தால், தென்காசி வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்காரும்போது சாமி வந்த மாதிரி எழுந்திருப்பீர்கள். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு. மேலே ஒரு சென்டிமீட்டர் ஃபோம் கட்டாயம். மெமரி ஃபோம் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். மார்கழி விடியலில் மூணாறு போகிறவர் இரண்டாவது குணத்தைச் சந்திப்பார். காற்றுத் தலையணை நல்ல பொருள்தான். ஆனால் நம்மவர்கள் டயர் மாதிரி விறைப்பாக ஊதிவிட்டு வளைவில் மிதக்கிறார்கள். மேலே உட்கார்ந்துகொண்டு காற்றை மெதுவாக இறக்க வேண்டும். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மிஞ்சும்போது நிறுத்தினால் போதும்.

பஞ்சைவிடப் பெரிய விஷயம் சீட்டின் வடிவம். அதைத்தான் யாரும் கேட்பதில்லை. சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆள் டேங்க் பக்கம் வழுக்குவார். கோட்டைவாசலில் இருந்து ஆரியங்காவுக்கு இறங்கும்போது அவரைத் தடுத்து நிறுத்த டேங்கைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. சொல்லக் கூச்சப்படும் இடம் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டாக்டரிடம் போவதற்கு முன் சீட்டின் மூக்கைப் பாருங்கள். போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பைச் சீட் மேல் வைத்துப் பார்க்கலாம். ஆனால் சென்டர் ஸ்டாண்டில் வேண்டாம். பின்சக்கரம் தூக்கி நிற்பதால் எல்லாச் சீட்டும் முன்னால் சரிந்த மாதிரியே காட்டும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மச்சான் இதற்காவது பயன்படுவார்.

அகலத்துக்கு அட்டைப் பரிசோதனை. அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தைக் கிழித்து, கெட்டியான ஸ்டூலில் போட்டு, வண்டி ஓட்டும் தோரணையில் குனிந்து ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். ஒன்றின் நடுவில் இருந்து மற்றதன் நடு வரை அளந்தால், பெரியவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் வரும். சீட்டின் பின்பகுதி அதைவிட நன்றாக அகன்று, அந்த இரண்டு இடத்திலும் தட்டையாக இருக்க வேண்டும். கடை வாசலில் ஒரு பெரிய மனிதர் அட்டை மேல் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வாயுப் பிடிப்புக்கா அண்ணாச்சி?" என்று கேட்காமல் யாரும் போக மாட்டார்கள். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்பக்கம் அகலமானால் உயரமும் கூடிய மாதிரிதான். தொடை விரிவதால் கால் தரைக்கு எட்டாது. ஸ்ப்ளெண்டர் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், கிளாசிக் 350க்கு 805. இரண்டுக்கும் வித்தியாசமே 20 மில்லிமீட்டர்தான். "ஒரு இஞ்ச் ஏத்திப் போடுங்க" என்று கேட்பவர் 25 மில்லிமீட்டர் ஏற்றுகிறார். அடுத்த சிக்னலில் பாலே நடனம் ஆடுகிறார்.

எல்லைக்காரர்களுக்குத் தண்ணீர்தான் தனிக்கவலை. ஜூனில் சாரல், அது முடிந்தால் துலா மழை. டைமண்ட் தையல் போட்ட சீட் கண்ணுக்கு அழகு. அத்தனை ஊசித்துளையும் தண்ணீருக்கு வாசல். உள்ளே போன தண்ணீர் ஃபோமில் தங்கி, மழை விட்ட பிறகு, நீங்கள் உட்காரும் நேரம் பார்த்து மேலே வரும். புனலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குள் பின்பக்கம் நனைந்த வேட்டியோடு நுழைகிறவர் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. உட்காரும் இடத்தில் தையலே வேண்டாம். ஓரத்துத் தையலுக்கு உட்புறமாக வாட்டர்ப்ரூஃப் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பாலிதீன் தாள் விரித்தாலும் தண்ணீரைத் தடுக்கும், அசையும்போதெல்லாம் சரசரக்கும். அடித்தட்டில் உள்ள சிறு துளைகளை அடைக்கவிடாதீர்கள், போன தண்ணீர் வடிய அதுதான் வழி. நனைந்த சீட்டைப் படுக்க வைத்துக் காயப்போடாமல், மூக்கு கீழே இருக்கச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

ரெக்சினை அளவுக்கு மீறி இழுத்து அடித்தால் நல்ல ஃபோமும் பலகையாகிவிடும். வெயிலில் பத்து நிமிஷம் போட்டு இளக்கி, முதலில் மூக்கு, அடுத்து வால், பிறகு பக்கங்களை நடுவில் இருந்து ஓரத்துக்கு என்று ஸ்டேப்ளர் பின் அடிப்பதுதான் முறை. துருப்பிடிக்காத பின் கேளுங்கள். சாதாரணப் பின் நம் மழையில் துருப்பிடித்து அறுந்துவிடும்.

மாட்டியதும் ஒரு திருநீறு பரிசோதனை. சீட்டின் அடியில் உள்ள ரப்பர் குமிழ்களில் திருநீறு தடவிப் பூட்டி, ஓர் ஆளை உட்கார வைத்துக் கழற்றுங்கள். ஃபிரேமில் எல்லாக் குமிழுக்கும் பட்டை விழுந்திருக்க வேண்டும். ஒன்று விழாவிட்டால் பாரம் முழுவதும் பூட்டுக்கும் மற்றக் குமிழ்களுக்கும் போகும். பிளாஸ்டிக் அடித்தட்டு கொஞ்ச நாளில் விரிசல் விடும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற சீட்டுகள் பெரும்பாலும் இதில்தான் தோற்கும். டெயில் லைட் வயர் நசுங்குகிறதா என்றும் பாருங்கள்.

பின்னால் உட்காருகிறவரை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கடையிலும் அப்படித்தான். பின்சீட்டைத் தூக்கிக் கட்டினால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டும். நடுவில் இருந்த பிடிவாரை "லுக்கா இருக்காது" என்று எடுத்துவிடுவார்கள். பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சேலைக் காப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. வேறு கைப்பிடி இல்லாத வண்டியில் அந்த வாரை எடுத்துவிட்டுப் போனால் கேரள மோட்டார் வாகனத் துறைக்காரரிடம் லுக் பற்றி விளக்க வேண்டியிருக்கும். அவருக்கு முன்பே வீட்டம்மா விசாரணையை முடித்திருப்பார்.

கடைசியில் கடைக்காரர் கேட்பார்: "பழைய சீட்டு உங்களுக்கு எதுக்கு? குடுத்தா கொறைச்சுப் போட்டுக்கிடலாம்லா." கொடுக்காதீர்கள். கம்பெனி அடித்தட்டும் பூட்டும் அந்த வண்டிக்கென்றே வார்த்தவை. புதியது ஒத்துவராவிட்டால் அதே அடித்தட்டில் ஃபோமை மட்டும் மாற்றிக் கட்டலாம். வண்டியை விற்கும்போது பழைய சீட்டைக் கேட்பவர்களும் உண்டு. பரண் மேல் போட்டு வையுங்கள். "இந்தக் குப்பை எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால், அதற்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை.